அக்கா வண்டியின் முகம்

பேக்கர்ட் கார் கம்பெனி விலை குறைந்த வண்டி ஒன்றைக் கொண்டுவருகிறது என்று புருஷன் எல்லிஸ் பத்திரிகையைப் பார்த்துச் சொன்னபோது கார்னீலியாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. 1935 ஜனவரி மாதம், காலைச் சாப்பாட்டு நேரம். ஜன்னலுக்கு வெளியே செமினோல் அவென்யூ பனி மூடிக் கிடந்தது.

"அதை யாரு வாங்குவா?" என்றாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"வாங்கறதுக்கு ஆளா இல்ல? வண்டியக் கண்ணால பார்க்காமலே ஆயிரக்கணக்கான பேர் சொல்லி வெச்சிருக்காங்களாம்."

"பார்த்ததும் ஓடிடுவாங்க. அது என்ன மூஞ்சியோ, என்ன முழியோ!"

எல்லிஸ் பத்திரிகையை அவள் பக்கம் திருப்பினார். படத்தைப் பார்த்ததும் கார்னீலியாவின் கையில் இருந்த கத்தி அப்படியே நின்றது. மூஞ்சி வேறு யாருடையதும் இல்லை, அவளுடைய வண்டியின் மூஞ்சிதான்.

டெட்ராயிட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பேக்கர்ட் வண்டிக்கு ஒரு முகம் உண்டு. முன்னால் நிற்கும் ரேடியேட்டரின் தலை நுகத்தடி மாதிரி நடுவில் எழும்பி இரண்டு பக்கமும் தோள் வைத்து இறங்கும். சக்கரத்தின் நடுவில் சிவப்பாக ஓர் அறுகோணம் இருக்கும். மற்ற கம்பெனிகள் வருஷா வருஷம் வண்டியின் முகத்தை மாற்றிக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் முப்பது வருஷமாக மாற்றவே இல்லை. போன வருஷம் வாங்கினவர் இந்த வருஷம் பழசாகிவிடக் கூடாதே என்ற மரியாதை அது. தெருக்கோடியில் அந்தத் தோள் தெரிந்தால் போதும், வருவது பெரிய இடம் என்று போலீஸ்காரன் கூட ஒதுங்கி வழிவிடுவான். பங்குச் சந்தை விழுந்து, பாங்குகள் கதவைச் சாத்தி, பெரிய வண்டி வாங்குகிற பெரிய மனிதர்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆன பிறகு, கம்பெனிக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. கிராண்ட் புலவார்டில் இருந்த அவ்வளவு பெரிய தொழிற்சாலைக்கு வேலை வேண்டும். அதே முகத்தைச் சின்ன உடம்பில் ஒட்டி, ஒன்-ட்வென்டி என்று பெயர் வைத்து, ஆயிரம் டாலர் கையில் உள்ளவனும் வாங்கலாம் என்று அறிவித்துவிட்டார்கள்.

அந்தச் சின்ன வண்டிதான் கம்பெனியைப் பிழைக்க வைத்தது என்று ஒரு கூட்டமும், அதுதான் பேக்கர்ட் என்ற பெயரின் மானத்தை வாங்கியது என்று இன்னொரு கூட்டமும் இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. என்னைக் கேட்டால், அந்தச் சண்டை ஆரம்பித்தது கார்னீலியா ப்ரெண்டிஸின் வயிற்றில்தான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அடுப்பில் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. வாசலில் ஹாரன் சத்தம் கேட்டு கார்னீலியா எட்டிப் பார்த்தாள். கறுப்பு பேக்கர்ட் ஒன்று நின்றது. தன் டிரைவர் எம்மெட் ஏன் சொல்லாமல் வண்டியை எடுத்தான் என்று ஒரு கணம் கோபம் வந்தது. அதற்குள் முன் கதவு திறந்து தங்கை வின்னி இறங்கினாள். மறுபக்கம் அவள் புருஷன் கஸ் இறங்கினான், பல் முழுக்கத் தெரிய.

கஸ் கெஸ்லருக்குக் குழாய் வியாபாரம். கிராஷியட் அவென்யூவில் கடை. குளியல் தொட்டி, கழுவு தொட்டி, கக்கூஸ் பீங்கான் எல்லாம் விற்பான். வக்கீல் எல்லிஸ் ப்ரெண்டிஸைக் கட்டிய கார்னீலியா, தங்கை ஒரு குழாய்க்காரனைக் கட்டியதைப் பதினாலு வருஷமாக மன்னித்துக்கொண்டே இருந்தாள். மன்னிப்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. இன்றைக்கு அந்தச் சுகத்தின் தலையில் யாரோ குளிர்ந்த தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள்.

"எப்படிக்கா இருக்கு?" என்று வின்னி கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். கன்னம் சிவந்திருந்தது.

"சின்னதா இருக்கு."

"சின்னதுதான். நாங்களும் சின்னவங்கதானே? எங்களுக்குப் போதும்."

"ஏன், வேற நிறம் கிடைக்கலையா? பச்சை, அரக்குன்னு எவ்வளவோ இருக்குமே?"

"கறுப்புதான் நல்லா இருக்குன்னு உன் வண்டியப் பார்த்துத்தான் தெரிஞ்சுகிட்டேன்," என்றாள் வின்னி. குத்தலா, வெகுளித்தனமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சின்ன வயசிலிருந்தே அவளிடம் அது ஒரு வித்தை.

கஸ் சக்கரத்தை ஷூ முனையால் தட்டினான். "எண்ணெய் பிரேக்கு, மேடம். முன் சக்கரம் ரெண்டுக்கும் தனித்தனி ஸ்பிரிங்கு. உங்க பெரிய வண்டிக்குக் கூட இன்னும் வரலையாம்."

"எங்க வண்டிக்கு எதுக்கு அதெல்லாம்? எங்களுக்கு டிரைவர் இருக்கான்," என்றாள் கார்னீலியா. பதில் பொருந்தவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. உள்ளே போய்விட்டாள். அன்று இறைச்சி கருகிப்போனதற்கு சமையல்காரி திட்டு வாங்கினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. ஹட்சன் கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தால் யாராவது வந்து, "நேத்து உங்க வண்டி மீன் கடை வாசல்ல நின்னுச்சே, நீங்களே வந்திருந்தீங்களா?" என்பார்கள். சர்ச் மாதர் சங்கத்தில் மிசஸ் டிராப், "செவ்வாய்க்கிழமை பெல் ஐல் தீவுப் பாலத்துல உங்களுக்குக் கை ஆட்டினேன், பார்க்காத மாதிரி போயிட்டீங்க. பின் சீட்டுல கழுவு தொட்டி ஒண்ணு வேற ஏத்திட்டுப் போனீங்களே," என்றாள். கார்னீலியாவின் காதில் புகை வந்தது.

"அது என் வண்டி இல்ல. கண்ணு இருக்கறவங்களுக்கு ஒரு மைல் தூரத்துலயே வித்தியாசம் தெரியும்."

"எனக்கென்னமோ ரெண்டும் ஒண்ணா இருக்கற மாதிரிதான் தோணுது," என்றாள் மிசஸ் டிராப், இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு.

பொறுக்க முடியாமல் ஒருநாள் ஜெஃபர்சன் அவென்யூவில் வண்டி வாங்கின இடத்துக்கே போய்விட்டாள். விற்பனைக்காரன் மரியாதைக்காரன், தலைமுடியில் எண்ணெய் மினுங்கும். நாற்காலி போட்டான், காபி கொடுத்தான்.

"அந்தச் சின்ன வண்டிக்கு வேற மூஞ்சி வெக்கக் கூடாதா?" என்று நேராகக் கேட்டாள்.

"வேற மூஞ்சி வெச்சா அதை யாரு மேடம் வாங்குவா?"

"அப்ப என் மூஞ்சிய ஊருக்கெல்லாம் விக்கறீங்க."

அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? உங்க வண்டி மாதிரி பெரிசு வாங்கறவங்க இப்ப எத்தனை பேர் இருக்காங்க? சின்னது ஓடினாத்தான் பெரிசு செய்யறதுக்கு ஃபாக்டரியில விளக்கு எரியும்."

"அப்ப என் தங்கச்சி புருஷன் சோறு போட்டுத்தான் என் வண்டி பிழைக்குதுங்கறீங்க?"

அவன் சர்க்கரைக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினான். கார்னீலியா காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரே ஆறுதல், ஜூனில் வரப்போகிற கல்யாணம். அவள் மகள் ஹாரியட்டின் கல்யாணம். அந்தக் குடும்பத்தில் கல்யாணப் பெண் எவளாக இருந்தாலும் சர்ச்சுக்குப் போவது கார்னீலியாவின் பேக்கர்டில்தான். இரண்டு அத்தை பெண்கள் அப்படித்தான் போனார்கள். வின்னியே அப்படித்தான் போனாள். அதற்குப் பிறகு வந்த வண்டிகள் மாறின, முகம் மாறவில்லை. இப்போது இருப்பது ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. பின்னால் வெல்வெட் சீட்டு, அதற்கு முன்னால் தரையிலிருந்து இழுத்து விரிக்கிற இரண்டு மடக்கு சீட்டு. ஜூன் மாதத்தில் அந்த வண்டி சர்ச் வாசலில் வந்து நிற்கட்டும், எது பேக்கர்ட், எது பேக்கர்டின் வேஷம் என்று ஊர் பார்த்துக்கொள்ளட்டும். ராத்திரி தூக்கம் வராவிட்டால் கார்னீலியா இதை நினைத்துக்கொள்வாள். உடனே தூக்கம் வந்துவிடும்.

ஹாரியட் அதிலும் மண்ணைப் போட்டாள்.

"அம்மா, நான் சித்தி வண்டியில போகட்டுமா?" என்றாள், கல்யாண உடையின் அளவு பார்க்க நாற்காலி மேல் ஏறி நின்றபடி.

கார்னீலியா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். "யாரு சொல்லிக் குடுத்தது? சித்தியா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. நம்ம வண்டியில எனக்குக் குமட்டும்னு உனக்குத் தெரியாதா? சின்னப் புள்ளையிலேர்ந்து பெல் ஐல் போய்ட்டு வர்றதுக்குள்ள எத்தனை தடவை வாந்தி எடுத்திருக்கேன்? இந்த வெள்ளை டிரஸ்ஸோட என்னால முடியாதும்மா. சித்தி வண்டியில ரெண்டு தடவை போனேன். ஒண்ணுமே ஆகல."

"ரெண்டு தடவை போனியா? எனக்குத் தெரியாம?"

"வண்டியிலதானேம்மா போனேன்? வேற எவனோடயும் ஓடிப் போகலையே?"

கார்னீலியாவுக்கு அது ஓடிப்போனதற்குச் சமமாகத்தான் இருந்தது. இந்த வின்னி என் முகத்தை எடுத்துக்கொண்டாள், என் நிறத்தை எடுத்துக்கொண்டாள், இப்போது என் மகளையும் எடுத்துக்கொள்கிறாள் என்று மனசு கொதித்தது. குமட்டலாம், குமட்டல்! வண்டிக்குக் குமட்டுகிறதா, அம்மாவைக் கண்டால் குமட்டுகிறதா? "இந்தக் குடும்பத்துப் பொண்ணுங்க என் வண்டியிலதான் போவாங்க. நீயும் அப்படித்தான் போவே," என்று சொல்லி முடித்துவிட்டாள். ஹாரியட் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மே மாதத்துக் கடைசி ஞாயிறு அன்று மழை பிடித்துக்கொண்டது.

அவர்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு, யாரும் எழுதி வைக்காத வழக்கம். ஆராதனை முடிந்ததும் டிரைவர்கள் பக்கத்துத் தெருவிலிருந்து வண்டிகளைக் கொண்டுவருவார்கள். படிக்கட்டுக்கு நேர் கீழே இருக்கும் முதல் இடம் ப்ரெண்டிஸ் வண்டிக்கு. வாசலில் நிற்கும் கிழவர் பிங்காம் மற்ற வண்டிகளைக் கை காட்டி நிறுத்திவிட்டு, அந்தத் தோளும் சிவப்பு அறுகோணமும் தெரிந்ததும் சலாம் போட்டு உள்ளே விடுவார். அன்று மழையில் அவர் மூக்குக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். தோள் தெரிந்தது. சலாம் போட்டார்.

கார்னீலியா தொப்பியின் வலையை இழுத்து விட்டுக்கொண்டு, குடையைத் தணித்துப் பிடித்தபடி படி இறங்கினாள். குடை விளிம்புக்குக் கீழே ரேடியேட்டர் தெரிந்தது. அவளும் பாவம், இந்த ரெண்டு மாதமாக அந்த முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பின்னால் எவ்வளவு நீளம் இருக்கிறது என்று பார்க்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, குடையை உதறி மூடி, "எம்மெட், அய்யா பாதிரியாரோட பேசிக்கிட்டிருக்கார், கொஞ்சம் இரு," என்றாள்.

"இருக்கேன் மேடம்," என்றான் கஸ், திரும்பிப் பார்த்து.

கார்னீலியாவின் முழங்கால் முன் சீட்டின் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது. மடக்கு சீட்டு இல்லை. முன்னால் கண்ணாடித் தடுப்பு இல்லை. வெளியே படிக்கட்டில் மாதர் சங்கம் மொத்தமும் குடைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மிசஸ் டிராப் எல்லோருக்கும் முன்னால். பின்னால் உண்மையான ப்ரெண்டிஸ் வண்டி வந்து நின்று, எம்மெட் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு மைல் தூரத்திலேயே வித்தியாசம் தெரியும் என்று ஊர் முழுக்கச் சொன்னவள், ஒரு முழ தூரத்தில் தெரியாமல் ஏறி உட்கார்ந்திருந்தாள். இறங்கினால் மானம் போகும், உட்கார்ந்திருந்தாலும் போகும்.

அப்போது வின்னி ஓடி வந்தாள். கதவருகே குனிந்தாள். அக்காவைப் பார்த்தாள், படிக்கட்டைப் பார்த்தாள், மறுபடி அக்காவைப் பார்த்தாள். அவள் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் கார்னீலியா அவளை என்றைக்காவது மன்னித்திருப்பாள்.

வின்னி நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அக்காவ நான்தான் இன்னைக்கு எங்க வண்டியில வரச் சொன்னேன். வற்புறுத்தினாத்தான் வர்றா!" என்றாள். ஏறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "போங்க கஸ்."

கார்னீலியாவுக்கு வயிறு எரிந்தது. காரைப் பார்த்து எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. காசு சேர்த்தால் காரை யாரும் வாங்கலாம். இந்த மனசை இவள் எந்தக் கடையில் வாங்கினாள்? தன்னிடம் ஏன் அது இல்லை? அந்த இடத்தில் தங்கை உட்கார்ந்திருந்து தான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தாள். சிரித்திருப்பாள். நன்றாக, மிசஸ் டிராப்புக்குக் கேட்கிற மாதிரி சிரித்திருப்பாள்.

ஜெஃபர்சனை நெருங்கியதும் கார்னீலியா பழக்கத்தில் ஜன்னலோரத்துக் கைப்பிடி வாரை இறுகப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். அங்கே டிராம் தண்டவாளம் குறுக்கே போகும். அவள் வண்டி அதில் ஏறி இறங்கும்போது முதுகெலும்பில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகத் தெரியும். பெரிய வண்டி என்றால் அப்படித்தான் என்று அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

"தாண்டியாச்சுக்கா. கைய விடு," என்றாள் வின்னி.

"எதைத் தாண்டியாச்சு?"

"தண்டவாளத்தை."

கார்னீலியா பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். தண்டவாளம் மழையில் பளபளத்துக்கொண்டு பின்னால் கிடந்தது. அவள் மெதுவாகக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மகள் பொய் சொல்லவில்லை. எத்தனை நன்றாக இருந்திருக்கும், பொய் சொல்லியிருந்தால்!

அன்று சாயங்காலம் ஹாரியட்டின் அறை வாசலில் நின்று, "சித்தி வண்டியிலயே போ," என்றாள்.

ஹாரியட் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கழுத்தில் முத்தம் கொடுத்தாள். மகள் இப்படிக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காகிவிட்டது. இந்த முத்தமும் வின்னியின் கணக்கில்தான் சேரும் என்று கார்னீலியா நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாளே தவிர நினைப்பு போகவில்லை.

கல்யாணத்தன்று வெயில் பொன்னாக அடித்தது. முந்தின நாளே எம்மெட்டை அனுப்பி வின்னியின் வண்டிக்கு மெழுகு போட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தாள். தன் மகள் ஏறுகிற வண்டியைப் பார்த்து யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. தன் வண்டியைச் சர்ச்சுக்குப் பின்னால் சந்துக்குள் நிறுத்தச் சொல்லிவிட்டாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எது அம்மா வண்டி, பெண் ஏன் அதில் வரவில்லை என்று பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் ஒளித்து வைத்தாள். அதனால் என்ன வரும் என்று அவள் யோசிக்கவில்லை.

பிங்காம் சலாம் போட, ஒன்-ட்வென்டி முதல் இடத்தில் வந்து நின்றது. கண்ணாடி மாதிரி மின்னியது. ஹாரியட் இறங்கினாள். முகத்தில் ஒரு வாட்டம் இல்லை, ரோஜாப் பூ மாதிரி இருந்தாள். படிக்கட்டில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே மூச்சாக "ஆ" என்றார்கள்.

மிசஸ் டிராப் கார்னீலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன இருந்தாலும் உங்க வண்டி உங்க வண்டிதான், கார்னீலியா! அந்த முகத்தைப் பாருங்க. இதுக்கு முன்னால வேற எது நிக்கும்? இந்தக் காலத்துல யார் யாரோ பேக்கர்ட் வெச்சிருக்காங்க, இதுகிட்ட வருமா அதெல்லாம்?"

இரண்டு அடி தள்ளி வின்னி நின்றுகொண்டிருந்தாள். புதுத் தொப்பி, கையில் பூங்கொத்து. அவளுக்கு எல்லாம் கேட்டது.

இத்தனை நாளாக எந்தத் தப்பு கார்னீலியாவைக் கொன்றதோ, அதே தப்பு இப்போது காலடியில் வந்து விழுந்து எடுத்துக்கொள் என்றது. ஒன்றும் சொல்ல வேண்டாம். புன்னகை செய்தால் போதும். நாக்கு நுனி வரை இனித்தது. அந்த மழை நாளும் கதவருகே குனிந்த முகமும் நினைவுக்கு வந்திராவிட்டால் அவள் விழுங்கியே இருப்பாள்.

"அது என் வண்டி இல்ல," என்றாள். "வின்னியோடது."

மிசஸ் டிராப் வாய்விட்டுச் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "பார்த்தீங்களா, எவ்வளவு பெருந்தன்மை! தங்கச்சிய விட்டுக் குடுக்கறாங்களா பாருங்க! வின்னி, உனக்கு அமைஞ்ச மாதிரி ஒரு அக்கா யாருக்கு அமையும்? அவங்க வண்டியையே உன் வண்டிங்கறாங்க!"

"நிஜமாத்தான் சொல்றேன்..."

"போதும், போதும். எங்களுக்குக் கண்ணு இருக்கு. ஒரு மைல் தூரத்துலயே தெரியாதா?"

வின்னி சிரித்தாள். உதடு மட்டும் சிரித்தது. கண்ணில் வேறொன்று இருந்தது. அதை கார்னீலியா உடனே அடையாளம் கண்டுகொண்டாள். இந்த ரெண்டு மாதமாகத் தன் அலங்காரக் கண்ணாடியில் தினமும் பார்த்த பார்வை அது. தங்கைக்கும் எரிகிறது! கார்னீலியாவுக்கு உள்ளே குபீரென்று ஒரு சந்தோஷம் வந்தது. மறைப்பானேன், வந்தது. உண்மையையும் சொல்லியாகிவிட்டது, பேரும் கிடைத்துவிட்டது. ஆர்கன் வாசிக்கத் தொடங்கி, மகள் நடந்து வந்து, மோதிரம் மாற்றிக்கொள்கிற வரைக்கும் அந்தச் சந்தோஷம் அப்படியே இருந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வின்னி பூங்கொத்தின் இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கிள்ளித் தரையில் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் சந்தோஷப்பட முடியும்?

மணமக்களை ஏற்றிக்கொண்டு கஸ் முன்னால் போய்விட்டான். வின்னிக்கு வண்டி இல்லை. எம்மெட் சந்திலிருந்து பெரிய வண்டியைக் கொண்டுவந்தான். முதலில் எல்லிஸ் ஏறினார். அடுத்து வின்னி ஏறினாள். ஏறினவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் குனிந்து, தரையிலிருந்து மடக்கு சீட்டை இழுத்து விரித்து, பாவாடையை ஒதுக்கி அதில் உட்கார்ந்தாள். கை தானாக அதைத் தேடிப் போயிற்று.

கார்னீலியா கதவைப் பிடித்தபடி நின்றாள். பின் சீட்டில் எல்லிஸுக்குப் பக்கத்தில் தாராளமாக இடம் இருந்தது. அங்கே அவளுடைய தொப்பிப் பெட்டியும் சால்வையும் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. முன்பெல்லாம் அந்த இடம் அவர்களுடைய அம்மாவுடையது. அம்மா இருந்தவரை வின்னி மடக்கு சீட்டில் உட்கார்ந்தது நியாயம். அம்மா போன பிறகு அந்த இடத்தில் கார்னீலியாவின் கம்பளிக் கோட்டு உட்கார்ந்தது, கடைப் பைகள் உட்கார்ந்தன, ஒரு கிறிஸ்துமஸுக்கு சாண்டர்ஸ் கடை கேக் கூட உட்கார்ந்தது. தங்கை மட்டும் உட்காரவில்லை. அவள் பின் சீட்டில் போனது ஒரே ஒரு நாள்தான், கல்யாணப் பெண்ணாக. யாரும் அவளை உட்காராதே என்று சொன்னதில்லை. உட்கார் என்றும் சொன்னதில்லை. காசு சேர்த்து அவள் வாங்கினது காரையா, ஒரு பின் சீட்டையா?

"எழுந்திரு," என்றாள்.

"ஏன்?"

"பின்னாடி போய் உக்காரு. இதுல நான் உக்கார்றேன்."

"எனக்கு இது பழக்கம்க்கா. உனக்கு முட்டி வலி..."

"என் முட்டிய நான் பார்த்துக்கறேன். எழுந்திருடின்னா!"

எல்லிஸ் தொப்பிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வின்னி எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தாள். கார்னீலியா அந்தக் குட்டி சீட்டில் உட்கார்ந்தாள். தொடைக்குப் பாதிதான் இடம். முதுகுக்கு ஒரு பலகை. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. வண்டி கிளம்பியதும் திரும்பிப் பார்த்தாள். வின்னி நன்றாகச் சாய்ந்து, கை வைக்கும் திண்டில் கையை நீட்டி, வெயில் முகத்தில் பட உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்தவள் மாதிரி இருந்தது. அந்தத் தொப்பி கூட அந்த வெல்வெட்டுக்கென்றே தைத்த மாதிரி எடுப்பாக இருந்தது. ஐயோ, இவளுக்கு எல்லாமே பொருந்துகிறதே என்று கார்னீலியாவுக்கு மறுபடி எரிந்தது. தானாக எழுந்து கொடுத்த இடத்தைப் பார்த்தே எரிந்தது.

ஜெஃபர்சன் வந்தது. முன் கண்ணாடியில் தண்டவாளம் இரண்டு கோடாகத் தெரிந்தது. கார்னீலியாவின் கை பழக்கத்தில் மேலே போயிற்று. அங்கே வார் இல்லை. பக்கவாட்டில் தடவினாள், வழுக்கும் கதவுத் தகடுதான் இருந்தது. வார் இரண்டும் பின் சீட்டு ஜன்னலோரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று வின்னியின் காதருகே ஆடிக்கொண்டிருந்தது.

"தண்டவாளம் வருதுக்கா. புடிச்சுக்கோ," என்றாள் வின்னி பின்னாலிருந்து.

"எதைடி புடிக்கிறது? இங்க புடிக்க ஒண்ணுமே இல்லையே!"

"இல்லதான்," என்றாள் வின்னி. "எப்பவும் இல்ல."

வண்டி தண்டவாளத்தில் ஏறியது.